கிளினிக்கல் இயர்ல பிபிஎல்: பத்து நிமிஷத்துல கேஸ் முடிஞ்சுருது, மிச்ச நேரம் என்ன பண்றது?

மூணாம்யூனிட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெனரல் மெடிசின்ல இருக்கேன், கிளினிக்கல் இயர் ஸ்டூடன்ட்ஸுக்கு பிபிஎல் (ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங், ஒரு கேஸை வச்சு சின்ன குழுவா பேசி படிக்கறது) ட்யூட்டரா போட்டிருக்காங்க. நடக்கறதை பார்த்தா இது பிபிஎல் தானான்னே சந்தேகமா இருக்கு. முதல் செஷன்ல எட்டு பேர் உக்காருவாங்க, கேஸோட முதல் பக்கத்தை ஒருத்தர் வாசிப்பாங்க, மூணாவது வரி வரும்போதே யாராவது ஒருத்தன் டயக்னோசிஸ் சொல்லிருவான், பெரும்பாலும் சரியாவும் இருக்கும். அதுக்கப்புறம் பிரெயின்ஸ்டார்மிங்னா எவனும் வாயை திறக்க மாட்டேங்கறான். போர்டுல லேர்னிங் ஆப்ஜெக்டிவ் எழுதுவாங்க, காரணங்கள், பேத்தோஃபிசியாலஜி (நோய் உடம்புல எப்படி உண்டாகுதுங்கறது), இன்வெஸ்டிகேஷன், மேனேஜ்மென்ட், எந்த கேஸா இருந்தாலும் இதே நாலு, ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்குவாங்க. அடுத்த செஷன்ல ஸ்லைடு போட்டு வாசிப்பாங்க, தன் பங்கு முடிஞ்சதும் ஃபோன். அந்த கேஸ்ல வந்த அம்மாவுக்கு கடைசில என்னாச்சுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

ப்ரீகிளினிக்கல்ல இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, அவங்களுக்கு டயக்னோசிஸ் தெரியாது, அதனால மெக்கானிசம் பேசித்தான் ஆகணும். ஆனா வார்டுல நிஜ பேஷன்ட் படுத்திருக்கும்போது பேப்பர் கேஸ் எதுக்குன்னு கேட்டா எனக்கே பதில் வரல. நிறுத்த சொல்லி எழுதலாமா இல்ல மாத்தி நடத்தலாமா, நடத்தினவங்க சொல்லுங்க.

லாஸ்ட்பெஞ்ச் எழுதியது:

சார் நான் ஃபைனல் இயர், எங்க பக்கத்துல இருந்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த நாலு ஆப்ஜெக்டிவ் எங்க சோம்பேறித்தனத்துல வந்ததில்ல. ட்யூட்டர் கைல ஒரு ஷீட் இருக்கும், அதுல ஆப்ஜெக்டிவ் எல்லாம் ஏற்கனவே அச்சடிச்சு இருக்கும், நாங்க என்ன பேசினாலும் கடைசில அங்கதான் கொண்டுவந்து நிறுத்துவாங்க. சீனியர்ஸ் கிட்ட அந்த ஷீட் முழுசா இருக்கு சார், கேஸ் மாறவே இல்ல. விடை தெரிஞ்ச கேள்விக்கு தெரியாத மாதிரி ஒன்றரை மணி நேரம் நடிக்கணும்னா நாங்களும் மனுசங்கதானே.

இன்னொண்ணு, சில ட்யூட்டர்ஸ் வாயே திறக்க மாட்டாங்க. ‘ட்யூட்டர் பாடம் எடுக்கக்கூடாது’ன்னு ட்ரெயினிங்ல சொல்லிருப்பாங்க போல, அதுக்காக ஒருத்தன் தப்பா சொல்லிட்டு போகும்போதும் சிரிச்சுட்டே உக்காந்திருப்பாங்க. நாங்க அந்த தப்பையும் நோட்ஸ்ல எழுதிக்குவோம்.

கத்திக்காரர் எழுதியது:

நான் சர்ஜரி. இதை ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன், யாரும் கேக்கறதில்ல. கனடால மெக்மாஸ்டர்ல 1969ல முதல் பேட்ச், நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட்ல எழுபதுகள்ல, ஹார்வர்ட்ல 1985ல நியூ பாத்வேன்னு பேர் வச்சு, இப்படி ஊர் ஊரா போச்சு. சரி, இத்தனை வருஷத்துல என்ன நிரூபிச்சாங்க? 2000ல காலிவர்னு ஒருத்தர் எல்லா ஆய்வையும் எடுத்து பார்த்துட்டு, இவ்வளவு செலவுக்கும் ஆள்பலத்துக்கும் ஏத்த மாதிரி அறிவு கூடினதுக்கு நம்பற ஆதாரம் இல்லைன்னு எழுதிட்டார். 2006ல கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூணு பேரும் சேர்ந்து, ஒண்ணும் தெரியாதவனை கைய விட்டு தேட விட்டா அவன் மூளை தேடறதுலயே தீர்ந்து போகும், கத்துக்க மிச்சம் இருக்காதுன்னு எழுதினாங்க. என் அனுபவமும் அதேதான். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க, குடலடைப்பு பத்தி எனக்கு தெரிஞ்சதை ஒழுங்கா சொல்லித்தரேன், அப்புறம் வார்டுக்கு கூட்டிட்டு போய் வயித்துல கை வைக்க விடறேன். எட்டு பேர் தெரியாததை தெரியாதவங்ககிட்ட கேட்டுக்கறதுக்கு பேரு படிப்பா?

வைவாவோசி எழுதியது:

கத்திக்காரர் சார் சொன்ன ரெண்டு கட்டுரையும் உண்மைதான், ஆனா பாதி கதை. நான் மெடிக்கல் எஜுகேஷன் பக்கம் வேலை பாக்கறேன், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

1993ல ரெண்டு பெரிய தொகுப்பு வந்துச்சு, ஆல்பனீஸ்-மிட்செல் ஒண்ணு, வெர்னன்-பிளேக் ஒண்ணு. ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே படம், பிபிஎல்ல படிச்சவங்க கிளினிக்கல் பக்கம் கொஞ்சம் மேல, பேசிக் சயின்ஸ் பரிட்சைல சில சமயம் கொஞ்சம் கீழ. வகுப்பு நூறு பேரை தாண்டினா செலவு கட்டுப்படி ஆகாதுன்னும் ஆல்பனீஸ் எழுதியிருக்கார், அதை நடத்தறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் 2008ல கோ குழு, படிச்சு முடிச்சு டாக்டரா வேலை பாக்கறவங்களை வச்சு வந்த ஆய்வுகளை தொகுத்தாங்க. அதுல பிபிஎல்லுக்கு சாதகமா வந்தது எதுன்னு பாருங்க, நிச்சயமில்லாத நிலைமையை சமாளிக்கறது, பேஷன்ட் கிட்ட பேசறது, நெறிமுறை விஷயங்களை புரிஞ்சுக்கறது. மார்க்ல தெரியற சமாச்சாரம் எதுவும் அதுல பெருசா இல்ல.

ரெண்டாவது, ‘பிரச்சனை தீர்க்கற திறமை’ வளரும்னு ஆரம்பத்துல வித்தாங்க பாருங்க, அதுதான் தப்பான வாக்குறுதி. எல்ஸ்டீன் ஆளுங்க 1978லயே காமிச்சுட்டாங்க, ஒரு கேஸ்ல கெட்டிக்காரனா இருக்கறவன் அடுத்த கேஸ்ல அப்படி இருப்பான்னு சொல்லவே முடியாது, அந்தந்த விஷயத்துல எவ்வளவு அறிவு இருக்குங்கறதை பொறுத்துதான் யோசனையும். தனியா ‘யோசிக்கற தசை’ன்னு ஒண்ணு கிடையாது. 1983ல ஹென்க் ஷ்மிட் சொன்ன காரணம்தான் இன்னைக்கும் நிக்குது: முன்னாடி தெரிஞ்சதை கிளறி விடணும், அதை பேசிப்பேசி விரிக்கணும், எந்த சூழ்நிலைல எடுத்து பயன்படுத்தப் போறோமோ அதே மாதிரி சூழ்நிலைல படிக்கணும். இந்த மூணும் நடந்தாதான் பிபிஎல். மூணாம்யூனிட் சார் சொன்னதுல மூணும் நடக்கல. ஸ்லைடு வாசிக்கறதுக்கு லெக்சரே மேல், அங்க தெரிஞ்ச ஒருத்தராவது பேசுவார்.

கிர்ஷ்னர் கட்டுரைக்கு ஹமேலோ-சில்வர் குழு 2007ல பதில் எழுதினாங்க, பிபிஎல்ல வழிகாட்டல் இல்லைன்னு யார் சொன்னது, கேஸ் வடிவம், ட்யூட்டர் கேள்வி, படி படியான நடைமுறை எல்லாமே வழிகாட்டல்தானேன்னு. நீங்க திட்டற அந்த கைய விட்ட பிபிஎல், லாஸ்ட்பெஞ்ச் தம்பி சொன்ன சிரிச்சுட்டு உக்காந்திருக்கற ட்யூட்டரோட பிபிஎல். அதை நானும் திட்டறேன்.

நெஃப்ரான் எழுதியது:

ஃபிசியாலஜில இருந்து வரேன், அதனால என் கட்சி என்னன்னு சொல்லவே வேண்டாம். மாஸ்ட்ரிக்ட்டோட ஏழு படி எல்லாருக்கும் தெரியும், புரியாத சொல்லை தெளிவாக்கு, பிரச்சனை என்னன்னு சொல்லு, தெரிஞ்சதை வச்சு விளக்கு, விளக்கங்களை அடுக்கு, ஆப்ஜெக்டிவ் எழுது, படி, திரும்பி வந்து பேசு. கிளினிக்கல் இயர்ல எல்லாரும் ரெண்டாவது படில இருந்து நேரா அஞ்சாவதுக்கு தாவறாங்க, நடுவுல இருக்கற மூணும் நாலும்தான் சாரம். டயக்னோசிஸ் பேர் தெரிஞ்சதும் விளக்கம் தேவையில்லாத மாதிரி ஒரு மயக்கம் வந்துருது.

மூணாம்யூனிட் சார், எனக்கு ஒரு கேள்வி. உங்க கேஸ் டயக்னோசிஸோட முடியுதா, அதுக்கு அப்புறமும் போகுதா?

மூணாம்யூனிட் எழுதியது:

டயக்னோசிஸ்தான் கடைசி பக்கம் மேடம். போன வாரம் ஓடினது ஹைப்போநேட்ரீமியா, அதாவது ரத்தத்துல சோடியம் குறையறது. 64 வயசு அம்மா, நாலு நாளா பேதி, வெறும் தண்ணியா குடிச்சிட்டிருந்தாங்க, பிபிக்கு தயசைட் (யூரினை கூட்டற மாத்திரை) எடுக்கறாங்க, ரெண்டு நாளா குழப்பமா பேசறாங்க. சோடியம் 114, பொட்டாசியம் 2.8. அவ்வளவுதான், கடைசி பக்கத்துல ‘ஹைப்போநேட்ரீமியாவின் காரணங்களும் சிகிச்சையும்’னு முடிஞ்சுருது. யாரோ எஸ்ஐஏடிஹெச் (தண்ணியை தேக்கற ஏடிஹெச் ஹார்மோன் தேவையில்லாம சுரக்கறது)ன்னாங்க, யாரோ தயசைட்ன்னாங்க, ஸ்லைடு வந்துச்சு, கலைஞ்சோம்.

நெஃப்ரான் எழுதியது:

அட, இவ்வளவு நல்ல கேஸை வச்சுக்கிட்டா புலம்பறீங்க! இதை டயக்னோசிஸ்ல முடிக்கறது பாவம். இப்படி மாத்தி பாருங்க.

முதல் பக்கத்துல நீங்க சொன்ன கதை மட்டும், லேப் எதுவும் வேண்டாம். குழப்பத்துக்கு என்னென்ன காரணம், எதை முதல்ல பாக்கணும்னு வரிசைப்படுத்தட்டும், வரிசைப்படுத்தி போர்டுல எழுதின பிறகுதான் ரெண்டாவது பக்கம்.

ரெண்டாவது பக்கத்துல சோடியம் 114, பொட்டாசியம் 2.8, சீரம் ஆஸ்மொலாலிட்டி (கரைஞ்சிருக்கற பொருளோட அடர்த்தி) 238, யூரின் ஆஸ்மொலாலிட்டி 430, யூரின் சோடியம் 38, நிக்க வச்சா பிபி இறங்குது. இங்க பாதி பேர் யூரின் சோடியம் 38ஐ பார்த்துட்டு எஸ்ஐஏடிஹெச்னு கத்துவாங்க. கத்தட்டும். தயசைட் எடுக்கற ஆளுக்கு யூரின் சோடியத்தை நம்பலாமான்னு மட்டும் கேளுங்க, அந்த மாத்திரை வேலையே சோடியத்தை யூரின்ல அனுப்பறதுதானே.

மூணாவது பக்கம்தான் எனக்கு பிடிச்சது. ராத்திரி நார்மல் சலைனும் பொட்டாசியமும் போட்டாங்க, பத்து மணி நேரம் கழிச்சு அம்மா எந்திரிச்சு உக்காந்து மகன் பேரை சொல்லி கூப்பிடறாங்க, சோடியம் 126, யூரின் மணிக்கு 400 மில்லி போகுது, யூரின் ஆஸ்மொலாலிட்டி 90. ட்யூட்டி டாக்டர் சந்தோஷமா இருக்கார். நீங்க சந்தோஷப்படலாமா? இதை மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க சார்.

தூக்கமில்லாதவன் எழுதியது:

மேடம் இதை படிச்சதும் எனக்கு வயித்தை கலக்குது. நான் ரெசிடென்ட், இந்த மூணாவது பக்கம் ராத்திரி டூட்டில நிஜமாவே நடக்கும், அதுவும் எல்லாரும் கை குலுக்கிக்கற நேரத்துல. வால்யூம் குறைஞ்சதால ஏடிஹெச் சுரந்துட்டிருந்துச்சு, சலைன் போட்டு வால்யூம் சரியானதும் அந்த தூண்டுதல் போயிருச்சு, ஏடிஹெச் நின்னுருச்சு, கிட்னி தேக்கி வச்ச தண்ணியை எல்லாம் கொட்டுது, சோடியம் விறுவிறுன்னு ஏறுது. பொட்டாசியம் குடுத்ததும் சேர்ந்துக்கும், செல்லுக்குள்ள பொட்டாசியம் போக உள்ள இருந்த சோடியம் வெளிய வரும். பொட்டாசியம் கம்மியா இருக்கற பேஷன்ட், ஆஸ்மாட்டிக் டீமைலினேஷனுக்கு (சோடியம் வேகமா ஏறினா மூளை நரம்போட உறை கெடறது) ரிஸ்க் அதிகம், சோடியம் ஏறறது 24 மணி நேரத்துக்கு 8 தாண்டக்கூடாது, இங்க பத்து மணி நேரத்துலயே 12. இன்னைக்கு நல்லா பேசற அம்மா நாலஞ்சு நாள் கழிச்சு பேச்சு குழறி, முழுங்க முடியாம, கை கால் விழுந்து வரலாம்.

இதை யாரும் எனக்கு ஸ்லைடுல சொல்லாம இல்ல. ‘மெதுவா கரெக்ட் பண்ணணும்’னு பத்து ஸ்லைடுல படிச்சிருக்கேன். ஆனா மெதுவாத்தான் சலைன் ஓடுது, அப்புறமும் ஏன் வேகமா ஏறுதுன்னு யூரின் பையை பார்த்து யோசிக்கணும்னு ஸ்லைடுல வராது.

லாஸ்ட்பெஞ்ச் எழுதியது:

அண்ணா அப்ப ட்ரீட்மென்ட் என்ன? திரும்ப இறக்கணுமா?

தூக்கமில்லாதவன் எழுதியது:

ஆமா தம்பி, டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதமும் டெஸ்மோப்ரெஸினும் குடுத்து திரும்ப இறக்குவாங்க. ஏன்னு நீ போய் படி, இங்க நான் சொல்லிட்டா அப்புறம் என்ன பிபிஎல் 😀

வைவாவோசி எழுதியது:

நெஃப்ரான் மேடம் போட்ட கேஸுக்கு நாலாவது பக்கம் நான் தரேன். மகன் வந்து நிக்கறார், ‘அம்மா நல்லா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க, இப்ப போய் சோடியத்தை திரும்ப இறக்கறேன்னு சொல்றீங்களே’ன்னு கேக்கறார். ஒரு ஸ்டூடன்ட் டாக்டரா இருந்து பதில் சொல்லணும், மெடிக்கல் வார்த்தை ஒண்ணு கூட வரக்கூடாது. மெக்கானிசம் புரியாதவனால இதை சொல்லவே முடியாது, ‘அது அப்படித்தான்’னு முடிச்சுருவான். பிபிஎல்லோட தொடர்புடைய ஹோவர்ட் பாரோஸ் நியூராலஜிஸ்ட், 1963லயே பேஷன்ட்டா நடிக்க ஆளை பழக்கி பாடத்துக்கு கொண்டு வந்தவர். இப்ப நாம அதை ஓஸ்கி பரிட்சைக்கு (ஸ்டேஷன் ஸ்டேஷனா நடக்கற கிளினிக்கல் பரிட்சை) மட்டும் வச்சுட்டு பிபிஎல்ல வெறும் பேப்பரை வாசிக்கறோம்.

கத்திக்காரர் எழுதியது:

கேஸ் நல்லா இருக்கு, மறுக்கல. ஆனா இதே அம்மா வார்டுல இருந்தா நான் பெட் பக்கத்துல நின்னு யூரின் பையை காமிச்சு கேட்டுருப்பேனே. பேப்பர்ல என்ன ஸ்பெஷல்?

மூணாம்யூனிட் எழுதியது:

சார் இதுக்கு என்கிட்டயே பதில் இருக்கு இப்ப. வார்டுல ஸ்டூடன்ட் பெட் கிட்ட போகறதுக்கு முன்னாடி கேஸ் ஷீட்டை பார்த்துடறான், அட்மிஷன் டயக்னோசிஸ் மேலயே எழுதிருக்கு. மூணாவது பக்கம் நடக்கறது விடிகாலைல, அப்ப அவன் ஹாஸ்டல்ல தூங்கிட்டிருப்பான், ரவுண்ட்ஸுக்கு வரும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். நிஜ பேஷன்ட் வர்ற வரிசையை நம்மால மாத்த முடியாது, தகவலை மறைச்சு வைக்கவும் முடியாது, யோசிச்சு முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கவும் முடியாது. பேப்பர்ல இந்த மூணும் முடியும். அதைவிட்டுட்டு வார்டுல கிடைக்கறதையே பேப்பர்ல மறுபடி குடுத்தா நீங்க சொன்னதுதான் சரி, வேஸ்ட்.

வைவாவோசி எழுதியது:

வார்டுக்குன்னு தனி கருவி இருக்கு, அங்க போய் பிபிஎல்லை திணிக்க வேண்டாம். 1992ல வந்த ஒன் மினிட் ப்ரிசெப்டர், அஞ்சே அசைவு: என்ன நினைக்கறேன்னு அவனை சொல்ல வை, ஏன்னு கேளு, ஒரு பொது விதியை சொல்லிக்குடு, சரியா செஞ்சதை சொல்லு, தப்பை திருத்து. ரவுண்ட்ஸ் நடுவுல அஞ்சு நிமிஷத்துல முடியும். பெரும்பாலான கன்சல்டன்ட் மூணாவதுல ஆரம்பிச்சு மூணாவதுலயே முடிச்சுருவாங்க, அதான் சிக்கல். கத்திக்காரர் சார் யூரின் பையை காமிச்சு கேள்வி கேக்கறேன்னு சொன்னது முதல் ரெண்டு அசைவு, நீங்க திட்டிட்டே அதைத்தான் செய்யறீங்க சார்.

லாஸ்ட்பெஞ்ச் எழுதியது:

இன்னொரு விஷயம் யாருமே சொல்லல. கார்டியாலஜி பிளாக் (ஒரே பாடம் ஓடற சில வாரம்) ஓடும்போது மூச்சுத்திணறல்னு கேஸ் வந்தா அது ஹார்ட் ஃபெயிலியர்தான், ரெஸ்பிரேட்டரி பிளாக்ல வந்தா அது நுரையீரல்தான். கேஸை படிக்கவே வேண்டாம் சார், டைம்டேபிளை பார்த்தா போதும்.

நெஃப்ரான் எழுதியது:

தம்பி சொன்னது இந்த இழைலயே பெரிய பாயின்ட். 2003ல ஈசிஜி வச்சு ஹடாலா, ப்ரூக்ஸ், நார்மன் ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒவ்வொரு நோயா தனித்தனியா பழகினவங்களை விட கலந்து கட்டி பழகினவங்க புது ஈசிஜியை நல்லா கண்டுபிடிச்சாங்க. எது எதுல இருந்து வித்தியாசப்படுதுன்னு பழகறதுதானே டயக்னோசிஸ். ப்ரீகிளினிக்கல்ல பிளாக் வேணும், கிளினிக்கல் இயர்ல கேஸை பிளாக்ல இருந்து பிரிச்சு கலைச்சு போடுங்க, சர்ஜரி வாரத்துல மெடிசின் கேஸ் வரட்டும், சைக்கியாட்ரி போஸ்டிங்ல ஹைப்போநேட்ரீமியா வரட்டும், குழப்பம்னு சொல்லி அங்கயும் அனுப்புவாங்கல்ல.

தூக்கமில்லாதவன் எழுதியது:

ஏஐ பத்தி பேசலையே யாரும்? முதல் பக்கத்தை அப்படியே சாட்பாட்ல போட்டா டிஃபரன்ஷியல் (என்ன நோயா இருக்கலாம்ங்கற பட்டியல்), ஆப்ஜெக்டிவ், ஸ்லைடு எல்லாம் ஒரு நிமிஷத்துல வந்துருது. நான் ஜூனியர்ஸோட உக்காந்தப்ப பார்த்தேன், எட்டு பேர் ஸ்லைடுலயும் ஒரே தலைப்பு வரிசை.

மூணாம்யூனிட் எழுதியது:

முதல் செஷன்ல ஃபோனை பையில வைக்க சொல்லிடலாம், அது முன்னாடி தெரிஞ்சதை கிளறற நேரம், வெளிய இருந்து எடுத்துட்டு வந்தா அர்த்தமே போயிடும். நடுவுல படிக்கறதுக்கு எதை வேணா பயன்படுத்தட்டும், தடுக்கவும் முடியாது. ரெண்டாவது செஷன்லதான் மாத்தணும்னு நினைக்கறேன், ஸ்லைடே கிடையாது, ஆப்ஜெக்டிவை பங்கு போடறதும் கிடையாது, எல்லாரும் எல்லாத்தையும் படிச்சுட்டு வரணும். வந்ததும் அடுத்த பக்கத்தை குடுத்துட்டு, போன தடவை போர்டுல எழுதின விளக்கத்துல எது இப்ப நிக்கல, எதை அழிக்கணும்னு கேக்கலாம். சாட்பாட் குடுத்த பட்டியல் அந்த இடத்துல உதவாது, ஏன்னா மூணாவது பக்கம் அவன்கிட்ட இருந்திருக்காது.

வைவாவோசி எழுதியது:

அது போதும், ஆனா பரிட்சையையும் பாருங்க. செமஸ்டர் முடிவுல அந்த பிளாக்ல இருந்தே கேள்வி வந்தா எல்லாரும் ஷீட்டைத்தான் மனப்பாடம் பண்ணுவாங்க. மாஸ்ட்ரிக்ட்ல இதுக்காகத்தான் ப்ராக்ரஸ் டெஸ்ட் கொண்டு வந்தாங்க, மொத்த கோர்ஸ்ல இருந்தும் கேள்வி, எல்லா வருஷத்து ஆளும் ஒரே தாளை வருஷத்துக்கு நாலு தடவை எழுதுவாங்க. அதுக்குன்னு தனியா விழுந்து விழுந்து படிக்க முடியாது. உங்க ஒருத்தரால இதை மாத்த முடியாதுன்னு தெரியும், கரிக்குலம் கமிட்டில யாராவது இருந்தா காதுல போடுங்க.

ட்யூட்டர் சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட்டா இருக்கணுமான்னும் கேப்பாங்க. எக்ஸ்பர்ட் ரொம்ப பேசிருவார், எக்ஸ்பர்ட் இல்லாதவருக்கு தப்பு நடக்கறது தெரியாது. கிளினிக்கல் இயருக்கு நான் எக்ஸ்பர்ட் பக்கம்தான், வாயை கட்டறதை பழக்கலாம், தெரியாததை பழக்க முடியாது.

கத்திக்காரர் எழுதியது:

லெக்சரை எடுத்துட்டு இதை வைக்கறதுக்கு நான் இன்னும் ஒத்துக்கல, முதல்ல நான் ஒரு மணி நேரம் பேசிடறேன், அப்புறம் இது. அந்த மாதிரி வரிசைன்னா என்கிட்ட ஒரு கேஸ் இருக்கு. வலது பக்க கோலன் (பெருங்குடல்) எடுத்து அனாஸ்டமோசிஸ் (குடல் முனைகளை சேத்து தைக்கறது) பண்ண ஆள், அஞ்சாவது நாள், ஹார்ட் ரேட் 118, டெம்பரேச்சர் நார்மல், வயிறு சாஃப்ட்டா இருக்கு, ‘ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்’னு மட்டும் சொல்றார். ரெசிடென்ட் வலிக்கு ஊசி எழுதிட்டு போயிட்டார். ரெண்டாவது பக்கத்துல மூச்சு வேகம் ஏறுது, யூரின் குறையுது, வயிறு இன்னும் சாஃப்ட்தான். எப்ப சிடி, எப்ப திரும்ப தியேட்டர், வீட்டு ஆளுங்ககிட்ட என்ன சொல்லுவேன்னு கேப்பேன். பாத்து சொல்லுங்க.

நெஃப்ரான் எழுதியது:

சூப்பர் சார். ஒரே ஒரு திருத்தம், முதல் பக்கத்துல இருந்து ‘அஞ்சாவது நாள்’ங்கறதை எடுத்துடுங்க. அந்த வரியை பார்த்ததும் லீக் (தையல் விட்டு குடல் கசியறது)னு சொல்லிருவாங்க.

கத்திக்காரர் எழுதியது:

எடுத்துட்டா எத்தனையாவது நாள்னு எவனாவது கேக்கணுமே மேடம்.

நெஃப்ரான் எழுதியது:

கேட்டா மட்டும் சொல்லுங்க.

கத்திக்காரர் எழுதியது:

சரி எடுத்துட்டேன். அனாஸ்டமோசிஸ்ங்கறதையும் எடுத்துட்டு வெறும் ‘வயித்துல ஆபரேஷன்’னு போட்டிருக்கேன், ஆபரேஷன் நோட்ஸை கேட்டு வாங்கட்டும்.